இரண்டு ரிங் குருவி, மூன்று ரிங் குருவி

2017 டிசம்பர் 3, ஞாயிறு

இன்று குருவி எண்ணும் நாள், குளிர்கால மாதங்களின் முதல் ஞாயிறு. பதினோரு வருஷமாக நடக்கிற வேலை, தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. ஆறே முக்காலுக்குப் பூலாஓடை எஸ்டேட் கேட்டைத் தாண்டினேன். பாதை, இத்தனை வருஷமும் என்னோடு எண்ண வந்த ஜெசிந்தாவின் வீட்டை ஒட்டித்தான் போகிறது. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கெட்டோடு உள்ளே போய்விட்டாள். போகட்டும். நோட்டைப் பிடித்து எழுத எனக்கும் கை இருக்கிறது.

எனக்குப் பிறகு இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும் விளங்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். குளிர்காலத்தில் இந்தத் தாண்டிக்குடி மலைக்கு வடக்கிலிருந்து இரண்டு வகை இலைக் கதிர்க்குருவிகள் வருகின்றன. இரண்டும் கட்டைவிரல் பருமன்தான். இரண்டும் இலை நிறம். சில்வர் ஓக் உச்சியில் ஓரிடத்தில் நில்லாமல் தாவிக்கொண்டே இருக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஒன்றின் வயிறு மஞ்சள், மற்றதன் வயிறு வெளுப்பு, இறக்கையில் வெள்ளைக் கோடு என்று அழகாகப் படம் போட்டிருக்கும். படம் போட்டவர் காப்பிக் காட்டுக்குள் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார். இலை வழியாக இறங்கும் வெளிச்சத்தில் எல்லா வயிறும் மஞ்சள்தான். அந்த வெள்ளைக் கோடும் தை மாதத்துக்குள் இறகு தேய்ந்து காணாமல் போய்விடும். கண்ணை நம்பி இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. கூப்பிடும் குரல் ஒன்றுதான் அடையாளம். ஒன்று இரண்டு தட்டாகக் கூப்பிடும். மற்றது மூன்று தட்டாக.

கொடைக்கானல் டெலிபோன் எக்சேஞ்சில் இருபத்தொன்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். அந்தக் காலத்தில் ஒரே கம்பியில் நாலைந்து எஸ்டேட் பங்களாக்களைக் கோத்திருப்பார்கள். இரண்டு ரிங் அடித்தால் இந்த பங்களாவில் எடுக்க வேண்டும், மூன்று ரிங் அடித்தால் அந்த பங்களாவில். அதை வைத்துத்தான் குருவிகளுக்கும் பெயர் வைத்தேன். இரண்டு ரிங், மூன்று ரிங். "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்து முந்நூறு பேரை யார் என்று சொன்னவள் இந்த இந்திராணி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே வந்த பிறகு அந்தக் காதுக்கு வேலை கொடுத்தது குருவிகள்தான்.

பன்னிரண்டு நிறுத்தம், நிறுத்தத்துக்குப் பத்து நிமிஷம். இன்றைய எண்ணிக்கை: இரண்டு ரிங் 42. மூன்று ரிங் 2.

வெறும் இரண்டு. ஏழாவது நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். பார்க்க யாரும் இல்லாதது வசதியாக இருந்தது.

டிசம்பர் 4

பால்காரப் பெண் மணி அடிக்காமலே பாலை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பூனை குடித்துவிட்டது. நாளைக்கு நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

டிசம்பர் 5

கேட்டேன். மூன்று தடவை அடித்தேன் என்று சாதிக்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொய் சொல்லக் கூச்சமே இல்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

முதலாளி சிதம்பரநாதனிடமிருந்து கடிதம். மதுரையில் இருக்கிறார், வருஷத்துக்கு நாலு தடவை எஸ்டேட்டுக்கு வருவார். அவர் காப்பியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவது, "இந்தத் தோட்டத்தில் பறவைகள் வாழ்கின்றன" என்ற முத்திரைக்காக. அந்த முத்திரைக்கு ஆதாரம் என் நோட்டு. அக்டோபரில், டிசம்பர் மாத எண்ணிக்கைகளோடு அவருக்கு நான் எழுதியது இது:

2006இல் மூன்று ரிங் 34, இரண்டு ரிங் 11.
2010இல் 29, 17.
2013இல் 21, 23.
2015இல் 12, 33.
2016இல் 7, 37.

"2014இல் இருதயராஜ் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து நிழல் மரங்களைக் கண்மூடித்தனமாகக் கிளை வெட்டிக் கவாத்து செய்கிறார். நிழல் தேடும் மூன்று ரிங் போய், எதற்கும் தாங்கும் இரண்டு ரிங் அந்த இடத்துக்கு வந்துவிட்டது" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மனதில் பட்டதை எழுதினேன்.

இன்று வந்த பதில்: மார்ச் 31க்குள் இருதயராஜை அனுப்பிவிட்டு வேறு ஆள் போடப் போகிறாராம். எஸ்டேட் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிப்ரவரி எண்ணிக்கையையும் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்கிறாராம்.

இருதயராஜ் ஜெசிந்தாவின் புருஷன். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்த டைரிக்கு அர்த்தமில்லை. பதினோரு வருஷமாக என் கூடவே நடந்து நோட்டு எழுதியவள் அவள். நான் சொல்வேன், அவள் எழுதுவாள். அக்டோபர்க் கடிதச் செய்தி எஸ்டேட்டில் பரவியதிலிருந்து வருவதில்லை. அவர்கள் மகள் ரீத்தாவுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அது எனக்கும் தெரியும்.

உண்மையை எழுதுகிறவளுக்கு உறவு பார்க்கத் தோதில்லை.

டிசம்பர் 16

சோறு மறுபடி குழைந்துவிட்டது. மூன்று விசிலுக்கு நிறுத்த வேண்டும் என்று கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி காத்திருந்தால், குக்கர் விசிலே அடிப்பதில்லை. கருகல் வாசனை வந்து ஓடினேன். கேஸ்கட் போய்விட்டது போலிருக்கிறது. போன மாதம்தான் மாற்றினேன். ஏமாற்றிவிட்டான்.

டிசம்பர் 20

சில்வண்டுச் சத்தமும் இல்லை. இந்த ஈரத்துக்கு ஓடைக்கரையே அதிர வேண்டும். மரத்தைக் கழித்தால் வண்டும்தான் போகும். இதையும் முதலாளிக்கு எழுத வேண்டும்.

டிசம்பர் 25

போன வருஷம் வரை கிறிஸ்துமஸ் காலையில் ஜெசிந்தா கேக்கும் முறுக்கும் கொண்டுவருவாள். இன்று பத்து மணி வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். பிறகு குளிர்ந்தது, மூடிவிட்டேன்.

2018 ஜனவரி 2

இருதயராஜ் வந்தார். காலை பத்து மணிக்கு, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். அவர் குரல் கனமான குரல், தூணுக்குப் பின்னால் நின்று பேசினாலும் தெளிவாக இருக்கும்.

"அம்மா, மரத்தக் கூடுதலா கழிச்சது உண்மைதான். மொளகுக்கு வெயில் வேணும்னு மொதலாளியே சொன்னாரு. எழுத்துல இல்ல, அதனால நான் மாட்டிக்கிட்டேன். அதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்கிறேன். ஆனா குருவி போயிருச்சுன்னு எழுதிருக்கீங்களே, அது எங்கம்மா போச்சு? அங்கனதான கெடக்கு."

"இருதயராஜ், எந்தக் குருவின்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. ஜெசிந்தாவுக்குத் தெரியும். மூணு தட்டு நெறையக் கேக்குதுன்னு சொல்றா."

"அவ ஒங்க சம்சாரம். வேற எப்படிச் சொல்லுவா?"

"அவ ஒங்களப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை தப்பாப் பேச விட்டதில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு நினைவு வந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஜெசிந்தா எழுதுவதை நிறுத்திவிட்டு, "மூணு இல்லையாக்கா?" என்பாள். "காது பழகணும் ஜெசிந்தா, அவசரப்படாத" என்பேன். பிறகு அவள் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டாள். பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஜனவரி 7, ஞாயிறு

எண்ணிக்கை: இரண்டு ரிங் 43. மூன்று ரிங் 0.

வாய் வார்த்தையாகச் சொன்னால் சண்டைதான் வரும். கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி மகன் வாங்கிக் கொடுத்த போனில் ஒலிப்பதிவு செய்யலாம். மூன்றாவது நிறுத்தத்தில் நாவல் மரத்தடியில் நின்று ஆறு நிமிஷம் பதிவு செய்தேன். தலைக்கு மேலேயே ஒரு குருவி ஓயாமல் கூப்பிட்டது. சுத்தமான இரண்டு ரிங். "மூன்று ரிங் இருந்த மரத்தில் இப்போது இரண்டு ரிங்" என்று, நான் வைத்த பெயர்களையும் விளக்கி எழுதி, முத்திரை கொடுக்கும் பெங்களூர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். இனி யாரும் வாயைத் திறக்க முடியாது.

ஜனவரி 14, பொங்கல்

ஒரு ஆழாக்குப் பச்சரிசி. ஒருத்திக்கு அதுவே அதிகம். மீதியைக் காக்கைக்கு வைத்தேன்.

தம்பி மகன் போன் செய்தான். அவனுடைய சின்னப் பெண் பேசினாள். போனில் ஏதோ கோளாறு, குழந்தை பேசுவது இரைச்சலாக இருந்தது. "சரி கண்ணு, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 23

பெங்களூரிலிருந்து தபால். அங்கே குருவிக் குரல்களை ஆராய்கிற ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார். "பதிவு மிகத் தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் பெயர் மாறிவிட்டது என்று நினைக்கிறேன். இது உங்கள் மூன்று ரிங் குருவி. படம் இணைத்திருக்கிறேன்."

குரலைப் படமாக வரைகிற முறை ஒன்று இருக்கிறதாம். காகிதத்தில் கறுப்புக் கீற்றுகள். கீழே இரண்டு, அவற்றுக்கு மேலே உயரத்தில் ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி கீழே இரண்டு, மேலே ஒன்று. ஆறு நிமிஷத்தில் ஐம்பத்தெட்டு முறை கூப்பிட்டிருக்கிறது. விரலை வைத்து எண்ணினேன். ஒவ்வொன்றிலும் மூன்று.

வேறு யாருடைய பதிவையோ மாற்றி எடுத்துவிட்டார்கள். பொறுப்பில்லாத ஆபீஸ்.

ஜனவரி 24

போனில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். இரண்டு.

காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். இரண்டு.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கீற்றுக் கீற்றாக விரலை நகர்த்தியபடி கேட்டேன். விரல் மூன்றாவது கீற்றின் மேல் இருக்கும்போது எனக்கு ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

ஜனவரி 25

குக்கரில் தண்ணீர் மட்டும் ஊற்றி அடுப்பில் வைத்தேன். கூடத்தில் போய் உட்கார்ந்து, அடுப்படியைப் பார்த்தபடி இருந்தேன். வெயிட் தூக்கியது. ஆவி பீறிட்டுக் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணால் எண்ணினேன்.

பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கிறது. அதுவும் துணி சுற்றி வைத்தது மாதிரி.

கேஸ்கட் நல்லாத்தான் இருக்கிறது.

ஜனவரி 26

படுத்தே கிடந்தேன்.

பிப்ரவரி 1

காலை ஏழு மணி பஸ்ஸில் வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போனேன். காது டாக்டரைப் பார்க்க என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் ஆளில்லை. ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சோதனை செய்கிற பெண் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும்.

ஹெட்போனை மாட்டியதும் தைரியம் வந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷம் இதைத் தலையில் மாட்டிக்கொண்டு பிழைத்தவள் நான். முதலில் தடித்த சத்தங்கள், எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். பிறகு மெலிந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் எத்தனை நொடிக்கு ஒருமுறை போடுகிறாள் என்று அதற்குள் பிடித்துவைத்திருந்தேன். அந்தத் தாளத்துக்கு அழுத்திக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள். என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அம்மா, கொஞ்ச நேரமா நான் எதுவுமே போடல" என்றாள்.

வாழ்க்கையில் இப்படி ஒரு மூக்குடைப்பு எனக்கு நடந்ததில்லை. பரீட்சையில் காப்பியடித்து மாட்டிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் திட்டவில்லை. முதுகில் கை வைத்து, "எல்லாரும் செய்றதுதான்மா. முதல்லேருந்து பாக்கலாம்" என்றாள். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். தடித்த சத்தங்களில் நேராகப் போய், மெலிந்த சத்தங்களில் மலைச்சரிவாக இறங்குகிறது. பத்துப் பதினைந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றார் டாக்டர். பெண்கள், குழந்தைகள் குரல் முதலில் மங்குமாம். காதுமெஷின் வைத்தால் பேச்சுக்கு உதவும், குருவிக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். சொல்லி வைத்திருக்கிறேன். மெஷின் வர மூன்று மாதம் ஆகுமாம்.

பிப்ரவரி 2

பழைய நோட்டுகளை எடுத்து ஒவ்வொரு வருஷமும் இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். 34ம் 11ம் 45. 29ம் 17ம் 46. பிறகு 44, 45, 44. போன டிசம்பரில் 44.

ஒரு குருவிகூட எங்கும் போகவில்லை. பதினோரு வருஷமும் அதே நாற்பத்துச் சொச்சம் குருவிகள் அதே மரங்களில் உட்கார்ந்து கூப்பிட்டிருக்கின்றன. மூன்றாவது தட்டுதான் எனக்குள் நின்றுபோயிருக்கிறது. ஒவ்வொன்றாக மூன்று ரிங்கை இரண்டு ரிங் ஆக்கி, அதற்கு ஒரு மனிதரைக் குற்றவாளியும் ஆக்கியிருக்கிறேன். இருதயராஜ் சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னாலேயே 34 வந்து 21 ஆகியிருக்கிறது. என் கையெழுத்திலேயே இருக்கிறது. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

ஐயோ என்று இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

பிப்ரவரி 3

ஜெசிந்தா வேலை பார்க்கிற எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்துக்குப் போனேன். காப்பிப் பழம் எடுக்கப் போகிற பெண்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவள் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வாய் அசைந்தது, கை தட்டினார்கள். கைதட்டல் கேட்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். அப்படி நின்றுதான் அவள் எப்போதும் பேசுவாள் என்பது இன்றுதான் உறைத்தது.

"எத்தன வருஷமாத் தெரியும்?" என்று கேட்டேன்.

"எதக் கேக்குறீங்கக்கா?"

"என் காது."

அவள் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். "நாலு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனேக்கா. மூணு இல்லையான்னு எத்தன தடவ கேட்டேன். காது பழகணும்னீங்க. அதுக்கு மேல எப்படிச் சொல்றது? ஒங்களுக்கு அது ஒண்ணுதான இருக்கு. அதையும் நான் பிடுங்கணுமான்னு விட்டுட்டேன். நோட்டுலதான எழுதுறோம், யாருக்கு என்ன நட்டம்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "எங்க வீட்டுக்காரர் பேருல வந்து முடியும்னு நெனக்கலக்கா."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாளைக்கு எண்ணப் போகலாமா என்று கேட்டதற்கு, "வாரேன். அவருக்காக வாரேன்" என்றாள். அதைத் தெளிவாகவே சொன்னாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பன்னிரண்டு நிறுத்தம். இன்று நோட்டு என் கையில். ஜெசிந்தா மரத்தைப் பார்த்துக்கொண்டே விரல் காட்டினாள். இரண்டு விரல், மூன்று விரல். நான் கோடு போட்டேன். ஐந்தாவது நிறுத்தத்தில் அவள் மூன்று விரல்களை விரித்தபடி பத்து நிமிஷமும் கையை இறக்கவில்லை. நானும் அண்ணாந்து பார்த்தேன். இலை ஒன்று ஆடியது, அதன் பின்னால் இன்னொன்று ஆடியது. எது இலை, எது குருவி என்றுகூடத் தெரியவில்லை.

மூன்று ரிங் 33. இரண்டு ரிங் 12.

பழைய நாளில் எட்டாவது நிறுத்தத்தில் உட்கார்ந்து பிளாஸ்க்கில் காப்பி குடிப்போம். இன்றும் கொண்டுபோயிருந்தேன். ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

சிக்கல் இதுதான். இந்த எண்ணிக்கையை அவள் பெயரில் அனுப்பினால், புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார் முதலாளி. நானே ஜனவரியில் அதைத்தானே சொன்னேன். என் கையெழுத்து வேண்டும். என் காதால் கேட்காத முப்பத்து மூன்று குருவிகளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

பிப்ரவரி 6

போட்டேன். முதலாளிக்கு எழுதியது:

"அக்டோபரில் நான் எழுதியது தவறு. குருவிகள் குறையவில்லை. என் செவிதான் குறைந்திருக்கிறது. டாக்டர் கொடுத்த காகிதத்தை இணைத்திருக்கிறேன், பெங்களூர் படமும் இருக்கிறது. இந்த மாத எண்ணிக்கையைக் காதால் கேட்டுச் சொன்னவர் ஜெசிந்தா. நான் எதையும் கேட்கவில்லை, அவர் சொன்னதை நம்பி எழுதினேன். 2006க்குப் பிறகான என் நோட்டுகளை இனி எதற்கும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். இருதயராஜ் மேல் நான் சொன்ன பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து நோட்டுகளைப் பெட்டியில் வைத்தேன். பதினோரு நோட்டு. எரிக்கலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. ஜெசிந்தாவின் கையெழுத்தாயிற்றே என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 19

முதலாளி நேரில் வந்தார். என்னிடம் கோபப்படுவார் என்று நினைத்தேன். "முத்திரை தப்பிச்சுது" என்று சிரித்தார். இருதயராஜ் தொடர்ந்து இருக்கலாமாம். அவ்வளவுதான் அவருக்கு.

இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்று சரியாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22

கூடையில் ஆரஞ்சு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரீத்தா படித்துக்கொண்டிருந்தாள், கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இருதயராஜ்தான் பேசினார். இப்போது அவரும் முகத்துக்கு நேரே நின்று பேசுகிறார்.

"மொதலாளி இருக்கச் சொன்னாரும்மா. நான் முடியாதுன்னுட்டேன். கூடலூர்ல ஒரு எஸ்டேட்ல எடம் பாத்துட்டேன், பிள்ளை பரீச்சை முடிஞ்சதும் கெளம்புறோம்."

"நான்தான் எழுதிக் கொடுத்துட்டேனே. அப்புறம் ஏன்?"

"ஒங்க மேல வருத்தமில்லம்மா. இருபத்திரெண்டு வருஷம் இங்க கெடந்தேன். ஒரு கடுதாசி வந்ததும் போன்னாரு, இன்னொரு கடுதாசி வந்ததும் இருன்னாரு. நடுவுல என்னக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல. அவருகிட்ட எப்படிம்மா இருக்குறது?"

அந்த இரண்டு கடிதமும் என்னுடையது. ஆரஞ்சை வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4, ஞாயிறு

எண்ணும் நாள். போகவில்லை. ரீத்தாவுக்குப் பரீட்சை நேரம், ஜெசிந்தாவைக் கூப்பிட மனம் வரவில்லை. தனியாகப் போய் எதை எண்ணுவது.

மார்ச் 18

முதல் மழை. காப்பி பூத்துவிட்டது. மலை முழுக்க மணக்கிறது. மூக்கு இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 8, ஞாயிறு

போய்விட்டார்கள்.

எட்டு மணிக்கே லாரி வந்துவிட்டது. பீரோ, கட்டில், தையல் மெஷின் எல்லாம் ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார் இருதயராஜ். நான் இட்லி கட்டிக்கொண்டு போனேன். ஜெசிந்தா வாங்கி, லாரியின் முன்பக்கம் வைத்தாள். டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டான். அந்த உறுமலில் எனக்கு ஏற்கெனவே தலைக்குள் எல்லாம் கலங்கிப் போயிருந்தது.

அப்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். முகத்துக்கு நேராக நிற்கவில்லை. தோளோடு சாய்ந்து, காதுப் பக்கமாகப் பேசினாள். மூச்சு பட்டது. ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, நிறைய. நடுவில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி பேசினாள். கடைசியில் கேள்வி மாதிரி ஏதோ முடிந்தது, ஏனென்றால் விலகி என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

நான் சரி என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். லாரி வளைவில் திரும்பும் வரை ரீத்தா கை காட்டினாள்.

ஒரு "என்ன?" கேட்டிருக்கலாம். இன்ஜினை நிறுத்து என்று டிரைவரிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை நடந்த பிறகும், எல்லோர் முன்னாலும் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். ஒரு சொல் கூட எனக்குக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 9

மன்னித்தேன் என்று சொல்லியிருப்பாளோ. இனி எழுதாதீர்கள் என்று சொல்லியிருப்பாளோ. கூடலூருக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாளோ. எல்லாவற்றுக்கும் "சரி" பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

போனைக் கையில் எடுத்து அவள் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் குரல் எனக்கு நிற்காது. நான் மறுபடியும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

ஏப்ரல் 11

தபாலாபீசில் இன்லாண்ட் லெட்டர் வாங்கி, அங்கேயே நின்று எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு எடுத்து வந்தால் நாலு நாள் யோசித்து மாற்றி எழுதுவேன். நினைவில் இருக்கும்போதே நகல் எடுத்து வைக்கிறேன்.

"ஜெசிந்தா,

ஞாயிற்றுக்கிழமை லாரிப் பக்கத்தில் நீ பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டது மாதிரி சரி என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

நீ சொன்னதை, நேரம் கிடைக்கும்போது ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. எனக்கு வலிக்கும் என்று எதையும் குறைக்காதே. அதற்குச் சரி என்பதுதான் பதிலா, இல்லை வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் எழுது.

அக்கா இந்திராணி"